டையோடு போட்ட பிறகு ரிலே ஒட்டிக்கொள்கிறது, காரணம் அதுதானா?

துவாஸ்_இரவுப்பணி:

எல்லாருக்கும் வணக்கம். துவாஸில் பழைய அட்டை, காகிதம் வாங்கிக் கட்டும் ஒரு யார்டில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். சிங்கப்பூருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. எங்கள் பேலர் இயந்திரத்தில் ஒரு பிரச்சினை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதவேண்டியிருக்கிறது.

அட்டையை அமுக்கும் ராம் முன்னால் போக ஒரு ஹைட்ராலிக் வால்வு, பின்னால் வர ஒரு வால்வு. இரண்டும் 24 வோல்ட் டிசி, ஒவ்வொன்றும் 30 வாட். பிஎல்சியின் (இயந்திரத்தை இயக்கும் சின்ன கம்ப்யூட்டர்) டிரான்சிஸ்டர் அவுட்புட் ஒரு சின்ன பிளக்-இன் ரிலேயை (காயிலின் காந்தத்தால் காண்டாக்ட் மூடித் திறக்கும் சுவிட்ச்) இழுக்கும். அந்த ரிலேயின் காண்டாக்ட் வழியாக வால்வுக்குக் கரன்ட் போகும். மொத்தம் 12 ரிலே.

நான் இந்த யார்டில் சேர்ந்த முதல் வருடத்தில் பிஎல்சியில் இரண்டு அவுட்புட் செத்துப்போனது. கார்டையே மாற்றினோம். ரிலே சாக்கெட்டைப் பார்த்தால் காயிலுக்குக் குறுக்கே எதுவுமே இல்லை. கரன்ட் நிற்கும்போது காயில் திருப்பி அடிக்கும் வோல்ட்டேஜ்தான் டிரான்சிஸ்டரைக் கொல்கிறது என்று புரிந்தது. சிம் லிம் டவருக்குப் போய் 1என்4007 டையோடு (கரன்ட்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 12 சாக்கெட்டிலும் போட்டேன். அதற்குப் பிறகு 14 மாதமாக ஒரு அவுட்புட்கூடப் போகவில்லை.

ஆனால் இப்போது வேறு தலைவலி. ராமை முன்னால் தள்ளும் வால்வின் ரிலே ஒட்டிக்கொள்கிறது. முன்பு அதே இடத்தில் ஒரு ரிலே ஒன்றரை வருடம் ஓடியது. டையோடு போட்ட பிறகு நான்கு மாதத்துக்கு ஒன்று என்று மூன்று ரிலே போய்விட்டது. காயிலில் வோல்ட்டேஜ் இல்லை, ரிலேயின் விளக்கும் அணைந்துவிட்டது, காண்டாக்ட் மட்டும் விடுவதில்லை. ஸ்குரூ டிரைவர் பிடியால் மெல்லத் தட்டினால் விடுகிறது.

கடைசியாகப் போனதின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு பக்கக் காண்டாக்ட்டில் ஊசியால் குத்தியதுபோல் ஒரு குழி. எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தில் ஒரு சின்ன மேடு. இரண்டையும் சேர்த்தால் பூட்டும் சாவியும்போல உட்காருகிறது. மூடியின் உள்பக்கம் கருப்பாகப் படிந்திருந்தது.

சூப்பர்வைசர் "டூப்ளிகேட் ரிலே வாங்கிவிட்டாய்" என்கிறார். இரண்டு வெவ்வேறு கடையில், இரண்டு வெவ்வேறு கம்பெனி ரிலே வாங்கிப் பார்த்துவிட்டேன். அதே கதைதான். இயந்திரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,000 தடவை அமுக்கும்.

போன வாரம் இரவு ராம் கடைசிவரை போயும் ரிலே விடவில்லை. ரிலீஃப் வால்வு அலறியது. ஓடிப்போய் எமர்ஜென்சி ஸ்டாப்பை அடித்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. டையோடுதான் காரணமா? கழற்றினால் பிஎல்சி போகும், விட்டால் ரிலே போகிறது. என்ன செய்யலாம்?


பம்ப்ரூம்காரன்:

தம்பி, டையோடைக் குறை சொல்லாதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பிளாக்குகளின் பம்ப் ரூம் பேனல்களில் 20 வருடமாக வேலை செய்கிறேன். டிசி ரிலே எல்லாவற்றிலும் டையோடு போட்டுத்தான் வைத்திருக்கிறோம். ஒன்றுகூட இப்படி ஒட்டியதில்லை.

உங்கள் கோளாறு லோடு பக்கம். அந்த வால்வும் ஒரு காயில்தானே? அதற்குக் குறுக்கே ஏதாவது போட்டிருக்கிறீர்களா? 30 வாட் என்றால் 1.25 ஆம்பியர். அது நிற்கும்போது அடிக்கும் அடி முழுவதையும் ரிலே காண்டாக்ட்தான் வாங்குகிறது. முதலில் அதைப் பாருங்கள்.


பேனல்_அண்ணன்:

தம்பி, எமர்ஜென்சி ஸ்டாப்பை அடித்த கதையைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். பம்ப்ரூம்காரர் சொன்னது பாதி சரி. லோடு பக்கத்தையும் கட்டாயம் பார்க்கவேண்டும். ஆனால் உங்கள் சந்தேகமும் சரிதான். டையோடு பிஎல்சியைக் காப்பாற்றியது, காண்டாக்ட்டின் ஆயுளைத் தின்றது. இரண்டும் ஒரே டையோடு செய்த வேலை.

நான் 1986-இல் விஐடிபியில் படித்தவன். இப்போது ஐடிஇ என்கிறோமே, அந்தத் தொழிற்பயிற்சிக் கழகம்தான், 1992-க்கு முன்னால் அதற்கு அந்தப் பெயர். அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்: டிசி காயிலா, டையோடு போடு. நானும் பல வருடம் அப்படியே போட்டேன். ஒரு தொழிற்சாலையில் மாவு மூட்டை தூக்கும் சின்ன ஹாய்ஸ்ட் ஒன்று இருந்தது. அதன் பிரேக்குக்கு ரிலே வழியாக டிசி போகும். கரன்ட் இருந்தால் பிரேக் விடும், நின்றால் பிடிக்கும். அந்தப் பேனலை ஒழுங்குபடுத்துகிறேன் என்று எல்லா ரிலேக்கும் நானே டையோடு போட்டேன். மூன்று மாதத்தில் பிரேக் ரிலே ஒட்டிக்கொண்டது. பிரேக் பிடிக்கவில்லை, மூட்டை தானாகக் கீழே இறங்கியது. அந்த நேரம் கீழே ஆள் இல்லை. புது ரிலே போட்டுவிட்டு வந்தேன். மறுபடி மூன்றாவது மாதம் கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவைதான் ரிலேயைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, நான் என்ன மாற்றினேன் என்று யோசித்தேன்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். காயிலில் ஓடும் கரன்ட்டைத் திடீரென்று வெட்டினால், அது ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். வழி இல்லையென்றால் வோல்ட்டேஜ் நூற்றுக்கணக்கில் ஏறும். 24 வோல்ட் ரிலேயில் 600, 700 வோல்ட் சாதாரணம். உங்கள் பிஎல்சி அவுட்புட் செத்தது அதனால்தான். டையோடு போட்டால் வோல்ட்டேஜ் 0.7-க்கு மேல் ஏறாது, அவுட்புட் தப்பிக்கும். ஆனால் காயிலிலிருந்து சக்தியை உறிஞ்ச இப்போது எதிரே அந்த 0.7 வோல்ட்டும் காயில் கம்பியின் சொந்த ரெசிஸ்டன்சும்தான். கரன்ட் சுற்றிச் சுற்றி வந்து மெதுவாகச் சாகும். காந்தமும் அதே மாதிரி மெதுவாகத்தான் விடும்.

இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். "சில மில்லிசெகண்ட் தாமதம்தானே, என்ன போச்சு?" என்பார்கள். தாமதம் சின்ன விஷயம். காண்டாக்ட் எந்த வேகத்தில் பிரிகிறது என்பதுதான் பெரிய விஷயம். காந்தம் சட்டென்று விட்டால் ஆர்மேச்சர் (காந்தம் இழுக்கும் இரும்புத் தகடு) ஸ்பிரிங்கின் முழு வேகத்தோடு திரும்பும், காண்டாக்ட்டைத் தட்டிப் பிரிக்கும். காந்தம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், ஸ்பிரிங் அதோடு இழுபறி நடத்திக்கொண்டே திரும்பவேண்டும். ஆர்மேச்சர் நகரும்போது அந்த அசைவே காயிலில் கரன்ட்டைக் கொஞ்சம் ஏற்றிவிடும். டையோடு இருப்பதால் அந்தக் கரன்ட்டுக்கும் வழி இருக்கிறது. அதாவது கிளம்பிய ஆர்மேச்சரைக் காந்தம் மறுபடி பின்னால் இழுக்கும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். வீட்டில் பழைய ஸ்கோப் (கரன்ட், வோல்ட்டேஜைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி) ஒன்று வைத்திருக்கிறேன். உங்களுடையது மாதிரியே ஒரு ரிலே, காயில் 650 ஓம், 37 மில்லிஆம்பியர். காயிலோடு தொடரில் 10 ஓம் போட்டுக் கரன்ட்டை ஒரு சேனலில், காண்டாக்ட்டை இன்னொரு சேனலில் பார்த்தேன். டையோடு இருந்தால் கரன்ட் கோடு சரிவாக இறங்கிவந்து, நடுவில் ஓரிடத்தில் ஒட்டகத் திமில் மாதிரி மேலே எழும்பி, அப்புறம் மறுபடி இறங்குகிறது. ஆர்மேச்சர் நகர்வது அந்தத் திமிலில்தான். எதுவும் போடாதபோது 3 மில்லிசெகண்டில் காண்டாக்ட் திறந்தது. டையோடோடு 13 ஆனது. டையோடோடு 24 வோல்ட் ஜீனர் (எதிர்த்திசையில் அந்த வோல்ட்டேஜுக்கு மேல் மட்டும் கரன்ட்டை விடும் டையோடு) ஒன்றைத் தொடரில் சேர்த்தேன், 5-க்கு வந்தது. திமிலும் காணாமல் போனது.

ஸ்கோப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இயந்திரம் நிற்கும்போது, வால்வுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, ரிலேயை இழுத்து விடச் சொல்லி மூடிமேல் விரலை வையுங்கள். ஒரு தடவை டையோடோடு, ஒரு தடவை ஜீனர் சேர்த்து. இழுக்கும்போது "டக்" ஒன்றுதான். விடும்போது வித்தியாசம் விரலுக்கே தெரியும். டையோடு இருந்தால் "தொப்" என்று விழும். ஜீனர் இருந்தால் "டக்" என்று தெறிக்கும்.

இப்போது உங்கள் குழிக்கும் மேட்டுக்கும் வருகிறேன். வெள்ளிக் காண்டாக்ட்டில் சுமார் 12 வோல்ட்டுக்கு மேல், 0.4 ஆம்பியருக்கு மேல் இருந்தால் பிரியும்போது ஆர்க், அதாவது தீப்பொறி, அணையாமல் எரியும். உங்களிடம் 24 வோல்ட், 1.25 ஆம்பியர், அதுவும் காயில் லோடு. டிசியில் கரன்ட் ஒரே திசை. ஆகவே உலோகம் ஒரு பக்கத்திலிருந்து உருகி மறுபக்கத்தில் போய்ச் சேரும். ஏசியாக இருந்தால் 50 ஹெர்ட்சில் ஒவ்வொரு 10 மில்லிசெகண்டுக்கும் கரன்ட் பூஜ்யத்தைத் தொடும், ஆர்க் அணையும், திசையும் மாறும். பம்ப்ரூம்காரர் 20 வருடம் தப்பித்ததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவருடைய டிசி ரிலே எல்லாம் 230 வோல்ட் ஏசி கான்டாக்டரையோ விளக்கையோதான் இழுத்திருக்கும். அங்கே டையோடு போதும். நானும் இன்றைக்கும் போடுகிறேன்.

உங்கள் இடத்தில் காண்டாக்ட் மெதுவாகப் பிரிவதால், மயிரிழை இடைவெளியில் ஆர்க் அதிக நேரம் எரிகிறது. மேடு வளர்கிறது. அதோடு, மூடும்போது காண்டாக்ட் துள்ளும்போதெல்லாம் சின்னச் சின்ன வெல்டிங் விழும். வேகமாகத் திரும்பும் ஆர்மேச்சர் அதைத் தட்டி உடைத்துவிடும். மெதுவாக வருவதற்கு அந்த அடி இல்லை. நீங்கள் ஸ்குரூ டிரைவர் பிடியால் கொடுத்த தட்டு, ரிலே தானாகவே கொடுத்துக்கொள்ளவேண்டிய தட்டு.

என்ன செய்வது? டையோடைத் தூக்கிப்போட வேண்டாம். அதோடு தொடரில் 24 வோல்ட் ஜீனர் ஒன்று சேருங்கள், 1 வாட் போதும், 1என்4749ஏ என்று கேட்டால் தருவார்கள். டையோடின் கோடும் ஜீனரின் கோடும் ஒன்றையொன்று பார்க்கவேண்டும். ஜீனரின் கோடில்லாத முனை காயிலின் பிளஸ் பக்கம், டையோடின் கோடில்லாத முனை மைனஸ் பக்கம். மாற்றிப் போட்டுவிடாதீர்கள். டையோடு மட்டும் திரும்பியிருந்தால் சப்ளையே ஷார்ட் ஆகும். இரண்டும் சேர்ந்தே திரும்பியிருந்தால் ஜீனர் உடைகிற வோல்ட்டேஜும் உங்கள் சப்ளையும் ஏறக்குறைய ஒன்று, காயிலுக்கு இணையாகக் கரன்ட் ஓடிச் சுடலாம்.

போடுவதற்கு முன்னால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். உங்கள் பிஎல்சி அவுட்புட் டிரான்சிஸ்டர் இனி சப்ளை 24, ஜீனர் 24, டையோடு 0.7, மொத்தம் 49 வோல்ட் தாங்கவேண்டும். அது 45 வோல்ட் டிரான்சிஸ்டர் என்றால் இந்த வேலையே வேண்டாம்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமானது. ரிலே ஒட்டினால் ராம் நிற்கவில்லை என்கிறீர்கள். அட்டை சிக்கிக்கொண்டால் கையை விட்டு எடுக்கிற ஆட்கள் இருக்கும் இடம் அது. ஒரே ஒரு சின்ன ரிலேயை நம்பி அந்த இயந்திரம் ஓடக்கூடாது. கதவு சுவிட்சும் எமர்ஜென்சி ஸ்டாப்பும் வால்வுகளின் 24 வோல்ட்டைத் தனியாக வெட்டுகிறதா? இரண்டு ரிலே தொடரில், அதுவும் காண்டாக்ட்டுகள் ஒன்றோடொன்று பிணைந்த பாதுகாப்பு ரிலே வழியாக வெட்டுகிறதா? வயரிங் படத்தை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்.


துவாஸ்_இரவுப்பணி:

அண்ணே, மூன்று தடவை படித்தேன். ரொம்ப நன்றி. செத்துப்போன பழைய கார்டை எடுத்துப் பிரித்து, டிரான்சிஸ்டர் முதுகில் இருந்த நம்பரை போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன். 60 வோல்ட் என்று டேட்டாஷீட்டில் இருக்கிறது. பவர் சப்ளையை அளந்தால் 24.6 வருகிறது. அப்படியானால் 50-க்குள் நிற்கும், சரிதானே?

எமர்ஜென்சி ஸ்டாப் தனியாக வெட்டுகிறது, பாதுகாப்பு ரிலே இருக்கிறது. ஆனால் பின்கதவு சுவிட்ச் பிஎல்சி இன்புட்டுக்கு மட்டும்தான் போகிறது. நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். கன்வேயர் பக்கம் 8 ரிலே ஒரு சின்ன போர்டில் இருக்கிறது. அதில் யுஎல்என்2803 ஐசிதான் ரிலேயை இழுக்கிறது. அங்கே டையோடே காணோம், ஆனாலும் ஐசி போனதில்லை. எப்படி?


பாலிடெக்னிக்_மாணவி:

இதற்கு நான் பதில் சொல்லலாமா? எங்கள் ப்ராஜெக்ட்டில் இதே ஐசிதான். யுஎல்என்2803-க்குள்ளேயே ஒவ்வொரு சேனலுக்கும் டையோடு இருக்கிறது. எட்டும் ஒரே காமன் பின்னில் சேரும். உங்கள் போர்டில் அந்தப் பின் நேராக 24 வோல்ட்டுக்குப் போயிருக்கும். அதாவது அங்கேயும் வெறும் டையோடுதான் வேலை செய்கிறது.

வேகமாக விடவைக்க, காமன் பின்னுக்கும் 24 வோல்ட்டுக்கும் நடுவில் ஒரு ஜீனர் போட்டால் எட்டு சேனலுக்கும் சேர்த்து ஆகிவிடும். கோடு உள்ள முனை ஐசி பக்கம். ஆனால் அந்த ஐசி 50 வோல்ட்தான் தாங்கும். 24 வோல்ட் ஜீனர் போட்டால் விளிம்பில் நிற்கும். 18 வோல்ட் போதும். சப்ளை 24.6, ஜீனர் 18, உள்ளே டையோடுக்கு ஒன்று ஒன்றரை, மொத்தம் ஏறக்குறைய 44-தான்.

அண்ணன் சொன்ன நேரத்தைக் கணக்குப் போட்டும் பார்த்தேன். 650 ஓம் காயிலுக்கு இன்டக்டன்ஸ் ஏறக்குறைய 5.7 ஹென்றி என்று எடுத்தால் டைம் கான்ஸ்டன்ட் 8.8 மில்லிசெகண்ட். கரன்ட் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்போது ரிலே விடும் என்று வைத்துக்கொண்டால், டையோடோடு 14 மில்லிசெகண்ட். 24 வோல்ட் ஜீனரோடு 4.5. 36 வோல்ட் ஜீனர் போட்டாலும் 3.4-தான். ஆர்மேச்சர் நகரும்போது இன்டக்டன்ஸ் மாறும், அதனால் இது தோராயம். அண்ணன் அளந்த 13, 5 இரண்டும் இதற்குப் பக்கத்தில் வந்ததைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்!


பேனல்_அண்ணன்:

நல்லா சொன்னீங்கம்மா. 24-லிருந்து 36-க்குப் போனால் ஒரு மில்லிசெகண்ட்தான் லாபம், டிரான்சிஸ்டருக்கு மட்டும் 12 வோல்ட் கூடுதல் சுமை. அதனால்தான் சப்ளை வோல்ட்டேஜ் அளவிலேயே ஜீனரை வைத்துக்கொள்வது என் பழக்கம்.

தம்பி, 60 வோல்ட் டிரான்சிஸ்டர் என்றால் தாராளமாகப் போடலாம். கன்வேயர் போர்டைத் தொடாதீர்கள், அதில் ரிலே ஒட்டவில்லையே. அந்த எட்டு ரிலே எதை இழுக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

லோடு பக்கத்தையும் பார்க்கவேண்டும் என்றேனே, வால்வுக்கும் ஒன்று போடவேண்டும். அங்கேயும் வெறும் டையோடு வேண்டாம். வால்வுக்குள் நகரும் ஸ்பூல் திரும்புவது தாமதமாகும், ராம் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டும். வால்வின் பிளக்கிலேயே இரு திசை டிவிஎஸ் (அளவுக்கு மேல் ஏறும் வோல்ட்டேஜை அடக்கும் டையோடு), 36 வோல்ட், ஒயரின் அந்த முனையிலேயே போடுங்கள். பேனலில் போட்டால் நடுவில் இருக்கும் ஒயர் முழுவதும் இரைச்சலை மற்ற ஒயர்களுக்குப் பரப்பும். இந்த இரண்டும் செய்தும் ஒட்டினால், வெள்ளி–டின் ஆக்சைடு காண்டாக்ட் உள்ள ரிலே கேட்டு வாங்குங்கள். அது ஒட்டுவது குறைவு.


பம்ப்ரூம்காரன்:

அண்ணன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். என் பேனல்களைப் போய்ப் பார்த்தேன். டிசி ரிலே எல்லாமே ஏசி கான்டாக்டர் காயிலைத்தான் இழுக்கிறது. அந்த 230 வோல்ட் ஏசி காயிலுக்குக் குறுக்கே டையோடு போடமுடியாது, ஆர்சி ஸ்னப்பர்தான் (ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்தது), அது ஏற்கெனவே இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் 24 வோல்ட் டிசி சொலினாய்டு வால்வு இருக்கிறது. அந்த ரிலேயை நாளைக்குத் திறந்து பார்க்கிறேன்.


துவாஸ்_இரவுப்பணி:

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். வேலை செய்தேன், என்ன ஆனது என்று சொல்லவேண்டும் அல்லவா.

முன்னால் போகும் வால்வு, பின்னால் வரும் வால்வு, கட்டுக்கம்பி வால்வு மூன்றின் ரிலேக்கு மட்டும் ஜீனர் சேர்த்தேன். மற்ற ஒன்பதும் விளக்கு, பஸ்ஸர், கான்டாக்டர்தான், அவற்றில் டையோடே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வால்வு பிளக் மூன்றிலும் டிவிஎஸ் போட்டேன். டையோடு, ஜீனர், டிவிஎஸ் எல்லாம் சேர்த்து சிங்கப்பூர் காசு 10 வெள்ளிகூட ஆகவில்லை. விரலை வைத்துப் பார்த்தேன், அண்ணே. அந்த "டக்" அப்படியே தெரிகிறது.

ஐந்து மாதத்தில் ரிலே ஒரு தடவைகூட ஒட்டவில்லை. பிஎல்சி அவுட்புட்டும் நன்றாக இருக்கிறது. போன ஞாயிறு முன்வால்வு ரிலேயை வேண்டுமென்றே கழற்றித் திறந்தேன். காண்டாக்ட் மங்கியிருக்கிறது, நடுவில் லேசாகச் சொரசொரப்பு. நகத்தால் தடவினால் மேடு தட்டவில்லை. பழைய ரிலேயையும் இதையும் பக்கத்தில் வைத்து சூப்பர்வைசருக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பழையதைத் தன் மேசை டிராயரில் வைத்துக்கொண்டார்.

பின்கதவு சுவிட்சை இப்போது பாதுகாப்பு ரிலேயோடு இணைத்துவிட்டார்கள். கதவைத் திறந்தால் வால்வுக்கு 24 வோல்ட் போகாது. நான்கு தடவை திறந்து திறந்து மீட்டரில் பார்த்தேன், நான்கு தடவையும் பூஜ்யம்.